பூஜ்யத்தால் வகுத்த ஆயுத பூஜை

பயப்படுவதில் எனக்குச் சிறு வயதிலேயே நல்ல தேர்ச்சி. இன்றைக்கும் லேப்டாப் திரை ஒரு நொடி கறுத்தால் போதும், வீட்டில் மற்றவர்கள் சார்ஜரைத் தேடுவார்கள், நான் கடவுளைத் தேடுவேன். பிறந்ததிலிருந்து செய்த பாவங்களை வரிசையாக நினைத்துப் பார்ப்பேன். வரிசை பாதி வருவதற்குள் என் மகள் வந்து ஒயரைச் சொருகிவிட்டுப் போய்விடுவாள். இந்த வியாதி எனக்கு ஒரு கால்குலேட்டரிடமிருந்து ஒட்டிக்கொண்டது.

எங்கள் ஊர் விஜயபுரத்துப் பக்கம். நெல்லும் வேர்க்கடலையும் விளையும் பூமி. தமிழ்நாட்டு எல்லைக்கு சைக்கிளில் போய் டீ குடித்துவிட்டுத் திரும்பலாம். பேசுவது தமிழ், பள்ளிக்கூடத்தில் படிப்பது தெலுங்கு, கணக்குப் போடுவது விரல் கணு. நாங்கள் நைனா என்று கூப்பிடும் அப்பா நான்கு விரல்களின் கணுக்களைக் கட்டை விரலால் தொட்டுக்கொண்டே போவார், ஒரு கைக்குப் பன்னிரண்டு. அவருடைய விரல் கணக்கு தப்பி நான் பார்த்ததில்லை.

அக்கா இன்டர், அதாவது பிளஸ் டூ, முடித்திருந்தாள். திருப்பதியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டிப்ளமா படிக்க வேண்டும், ஹாஸ்டலில் தங்க வேண்டும், தசரா முடிந்ததும் வகுப்பு தொடங்குகிறது என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் என்றால் என்ன என்று நைனாவுக்குத் தெரியாது. எங்கள் ஊரில் யாருக்குமே தெரியாது. ஆனால் நைனாவுக்கு ஒரு கொள்கை இருந்தது. தெரியாத இடத்துக்குப் பெண்ணை அனுப்புவதானால் முதலில் குலம் கோத்திரம் விசாரிக்க வேண்டும்.

விசாரிக்க ஆள் வாய்த்தது. அம்மாவின் தம்பி, எனக்கு மாமா, குவைத்தில் ஒரு வீட்டில் டிரைவராக இருந்தவர், லீவில் வந்திருந்தார். முதலாளி மகனின் அறையில் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்தவர். ஜில்லாவிலேயே அதைப் பார்த்தவர் தான் ஒருவர்தான் என்ற நினைப்பு அவர் நடையிலேயே தெரியும்.

"அது எந்த வழி மச்சான்?" என்றார் நைனா. "நமக்குத் தெரிஞ்ச எதுனா அதுக்கு ஒறவா?"

"இல்லாம இன்னா மாமா. இஸ்கூல்ல கம்பியில மணி கோத்து ஒரு சட்டம் கீதே, அது கொள்ளுத் தாத்தா. நகரி பேங்குல கைப்பிடி சுத்துற இரும்பு மெஷின் பாத்துக்கிறியா? சுத்தினாதான் கணக்கு வரும், நிறுத்தினா தூங்கிப்பூடும். அது தாத்தா. அப்புறம் சீமையில ஒன்னு கட்னானுங்களாம், கல்யாண மண்டபம் அத்தினி பெருசு. கெட்டுப்போனா ஆளு உள்ள நடந்து போய் ரிப்பேர் பண்ணிட்டு வருவானாம். அது பெரியப்பன். அந்த வம்சம் அப்படியே சுருங்கி, சுருங்கி..."

மாமா சட்டைப் பையில் கைவிட்டார். உள்ளங்கை அளவில் ஒரு பொருள் வந்தது.

"இது அந்த வீட்ல சின்ன மருமவன். பேரு கால்குலேட்டர். திருப்பதியில கீறது பெரிய மருமவன். டிவி மாதிரி மூஞ்சி, டைப் மெஷின் மாதிரி பல்லு. இப்போ மண்டபம்லாம் வாணாம், ஒரே ஒரு ஆளு மேசை மேல வச்சி நடத்தலாம்."

"கெட்ட பழக்கம் எதுனா?"

"பெரியவன் கரண்ட்டு துன்னுவான். சின்னவனுக்குக் கரண்ட்டும் வாணாம், பேட்டரியும் வாணாம்."

"அப்போ இன்னாத்த துன்னுது?"

மாமாவுக்கு இந்த இடத்தில் ஞானம் தீர்ந்துவிட்டது. "அது அதும்பாட்டுக்குக் கீது மாமா," என்றார். ஒன்றுமே தின்னாமல் வேலை செய்யும் மருமகன் என்றதும் நைனாவுக்கு அந்தக் குலத்தின் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. அக்கா மட்டும் அதை வாங்கி, தலைப்பக்கம் இருந்த கறுப்புப் பட்டையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பிப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

நைனா தீர்ப்பு சொன்னார். "விஜயதசமியன்னிக்கு நல்ல நேரத்துல இதுல ஒரு கணக்குப் போடுவேன். என் வெரலுக்கும் அதுக்கும் ஒத்துப்போச்சின்னா பாப்பா திருப்பதிக்குப் போலாம். இல்லன்னா அத்தோட வுட்டுடணும்."

மாமா அதை அக்காவுக்கே கொடுத்துவிட்டுத் தசராவுக்கு முன்பே குவைத்துக்கு விமானம் ஏறிவிட்டார். அக்கா அதைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினாள். எனக்குத் தொட அனுமதி உண்டு, ஒரே ஒரு நிபந்தனையோடு.

"இன்னா வேணா போடு. பூஜ்யத்தால மட்டும் வகுக்காத."

"வகுத்தா இன்னா ஆவும்?"

"அதுக்குப் பதில் தெரியாதுடா. தெரியாததக் கேட்டு ஏன் அத்த அவமானப்படுத்துற?"

இதை அவள் சொல்லாமல் இருந்திருந்தால் அப்படி ஒரு கணக்கு உலகத்தில் இருப்பதே எனக்குத் தெரிந்திருக்காது. ஆயுத பூஜையன்று காலையில் எல்லோரும் வீட்டைக் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் அஞ்சைப் பூஜ்யத்தால் வகுத்தேன். திரையின் ஓரத்தில் ஆங்கில E ஒன்று முளைத்தது. ஒன்பதை அழுத்தினேன், போகவில்லை. கூட்டல், பெருக்கல், புள்ளி எல்லாவற்றையும் அழுத்தினேன். E நகரவில்லை. ஆங்கிலத்தில் எமனுக்கும் அதுதான் முதல் எழுத்து என்று எனக்கு அப்போதா ஞாபகம் வரவேண்டும். அழிக்கிற பொத்தான் என்று ஒன்று தனியாக இருப்பது தெரியாத காலம். கால்குலேட்டரைப் பூஜைக்கு வைத்த பொருள்களோடு சேர்த்துவிட்டு, நல்ல பிள்ளையாக வாசலில் மாவிலை கட்டப் போனேன்.

பூஜையில் மண்வெட்டி, கடப்பாரை, கொடுவாள், மோட்டார் ஸ்டார்ட்டர், சைக்கிள், அக்காவின் புத்தகங்கள், என் பென்சில் பாக்ஸ் எல்லாம் வரிசையாக இருந்தன. பொட்டு வைப்பதில் நைனா கஞ்சத்தனம் அறியாதவர். சந்தனத்தைக் குழைத்து அப்பி, அதன்மேல் குங்குமத்தை அழுத்துவார். அதிலும் எந்தப் பொருளுக்கும் நெற்றி எது என்று பார்த்துத்தான் வைப்பார். சைக்கிளுக்கு ஹேண்டில்பாரின் நடு. மண்வெட்டிக்குக் காம்பு சேரும் இடம். சின்ன மருமகனைக் கையில் எடுத்தார். நெற்றியைத் தேடவேண்டிய சிரமமே இல்லை. தலைப்பக்கம் கறுப்பாக, பளபளவென்று, பொட்டு வைப்பதற்கென்றே செய்ததுபோல் ஒரு பட்டை இருந்தது. வீட்டுக்கு வரப்போகும் சொந்தம் என்பதால் மற்றதுக்கு வைத்ததைவிட ஒரு பங்கு கூடவே சந்தனம் அப்பினார்.

நான் மூச்சை அடக்கித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தனம் ஏற ஏற அந்த E மங்கி, மறைந்தே போயிற்று. சரஸ்வதி மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன். அன்றைக்குச் சுண்டலும் பொரியும் எவ்வளவு ருசி.

பூஜையில் வைத்ததை மறுநாள்வரை தொடக் கூடாது. விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்து நைனா குளித்துவிட்டு வந்து, கால்குலேட்டரை வாசலுக்கு எடுத்து வந்தார். அம்மா, அக்கா, நான் மூவரும் சுற்றி நின்றோம். சந்தனம் காய்ந்து மண் பூசினதுபோல் இறுகியிருந்தது. நைனா ஒன்றை அழுத்தினார். ஒன்றும் இல்லை. ஆறை அழுத்தினார். திரை வெறும் சாம்பலாக இருந்தது.

"இன்னா பாப்பா இது, கண்ணே தொறக்கல?"

"நல்ல நாளும் அதுவுமா," என்றாள் அம்மா, மெதுவாக. சகுனம் என்ற சொல்லை அவள் சொல்லவில்லை. அது தானாகவே வந்து எங்கள் நடுவில் நின்றது. நைனா என்னிடம் திரும்பினார். "ஏன்டா, நீ எதுனா பண்ணியா?"

"நான் ஒன்னியும் பண்ணல நைனா. அஞ்சுதான் போட்டேன்." யாரும் கேட்காத அஞ்சு.

மன்னிப்பு என்று நான் நினைத்தது சாவு என்று அப்போதுதான் புரிந்தது. நேற்று E மறைந்ததே, அதுதான் உயிர் போன நேரம். கொன்றது நான். குவைத்திலிருந்து மாமா வருவார், என்னைக் கூட்டிக்கொண்டு போக அரபு போலீஸ் வரும், அக்கா திருப்பதிக்குப் போகாமல் ஆயுசு முழுக்க வேர்க்கடலை உரித்துக்கொண்டு என்னைப் பார்ப்பாள். என் மூளை இவ்வளவு வேகமாக வேலை செய்ததை எந்தப் பரீட்சையிலும் நான் கண்டதில்லை. நின்ற இடத்திலேயே ஏழுமலையானுக்கு வேண்டிக்கொண்டேன். அதற்கு உயிர் கொடு, மொட்டை போட்டுக்கொள்கிறேன். நைனா பார்வையை என்னிடமிருந்து எடுக்காததைப் பார்த்து, காதும் குத்திக்கொள்கிறேன் என்று சேர்த்தேன்.

அக்கா மட்டும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டினாள். "நைனா, குடு. நான் ரிப்பேர் பண்ணிப் பாக்குறேன்."

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிக்கத்தானே போறேன்றேன்."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் சரியாக விழாத கதவு. நான் இடுக்கில் கண்ணை வைத்தேன். தாவணி முனையைத் தண்ணீரில் நனைத்துச் சந்தனத்தைத் துடைத்தாள். ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினாள். திரையில் பூஜ்யம் ஒன்று கண்விழித்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் அக்கா உடனே வெளியே வரவில்லை. சீப்பை எடுத்து டிரங்குப் பெட்டிமேல் டக் டக்கென்று தட்டினாள். கொஞ்சம் நிறுத்தினாள். மறுபடி தட்டினாள். வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருந்தாள். கடைசியில் பூஜைச் சந்தனத்தில் விரலைத் தோய்த்து, கால்குலேட்டரைத் திருப்பி அதன் முதுகில் ஒரு பொட்டு வைத்தாள். கதவைத் திறந்தபோது நான் அவள் காலடியில் விழுந்தேன்.

"எவ்ளோ நேரமா நிக்கிற?"

"இப்போதான்க்கா. பொட்ட நெத்தியிலேருந்து முதுகுக்கு மாத்தினா பொழச்சிக்குமா?"

"அதெல்லாம் டெக்னிக்கல். வெளிய சொன்னா திரும்பச் செத்துப்பூடும்."

வேறு எதைச் சொன்னாலும் நான் உளறியிருப்பேன். இதற்குமேல் ஒரு கொலையைத் தாங்க என்னால் ஆகாது.

வாசலில் நைனா பதினாறைப் பன்னிரண்டால் பெருக்கினார். முதலில் கணுவில், பிறகு பொத்தானில். இரண்டிலும் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு வந்தது. நைனா கால்குலேட்டரைத் திருப்பி அந்த ஈரப் பொட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மறுபடி முன்பக்கம் திருப்பி, பட்டை ஓரத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் துளியை நகத்தால் சுரண்டினார். அக்காவையும் அவள் கையில் இன்னும் இருந்த சீப்பையும் பார்த்தார். அக்கா கோலத்தைப் பார்த்தாள்.

"ஓடாததை ஓட வச்சிட்ட," என்றார். "திங்கக்கெழம போலாம், துணிமணி எடுத்து வை."

அவர் முகத்தில் அப்போது இருந்தது சந்தோஷமா, சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. நான் என் தலைமுடியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை நகரியில் பஸ் பிடித்துத் திருப்பதி போனோம். மொட்டை எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் படிப்பு வர என்று சொல்லிவைத்தேன். காது குத்தை ஏழுமலையான் கேட்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. மலையிலிருந்து இறங்கி, தலை முழுக்கச் சந்தனத்தோடு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். செருப்பை வெளியே விடச் சொன்னார்கள். உள்ளே ஏ.சி. குளிர், கர்ப்பகிரகம் மாதிரி அமைதி. ஒவ்வொரு மேசைமேலும் ஒரு பெரிய மருமகன் துணிப் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தான். ஒருவர் போர்வையை விலக்கி உயிர் கொடுத்தார். கறுப்புத் திரையில் பச்சையாக ஒரு கோடு மினுக்கியது. நைனா அதைக் கும்பிட்டார். நான் வாயைத் திறந்தபடி அசையாமல் நின்றேன்.

அக்கா என் தலையைப் பார்த்து, "இன்னாடா, மேல சந்தனம் அப்பினதும் நீயும் ஆஃப் ஆயிட்டியா?" என்றாள். நைனா சட்டென்று இருமத் தொடங்கினார். ஏ.சி. ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு அக்கா ஹாஸ்டலிலிருந்து வந்திருந்தாள். பையில் ஒரு கறுப்பு ஃபிளாப்பியும் கொண்டுவந்திருந்தாள். நைனா கேட்டார். "இதுக்கு எங்க வைக்கட்டும் பாப்பா?" உறைமேல் வைக்கச் சொன்னாள். வைத்தார். அடுத்து கால்குலேட்டர் வந்தது. நைனா யாரையும் கேட்காமல் அதைத் திருப்பி, முதுகின் நடுவில் அளவாக ஒரு பொட்டு வைத்தார்.

"நெத்தியில வைக்கலையா நைனா?"

"வாணாம்டா. போன வருசம் ஒங்கக்கா கஸ்டப்பட்டு ரிப்பேர் பண்ணா. மறுபடியும் சீப்பெடுத்துக்கினு பொட்டி தட்டணும் அவ."

அக்காவுக்கு வாயிலிருந்த பொரி புரையேறியது. அம்மா தலையில் தட்டினாள். பெண் பிள்ளை சிரமப்படக் கூடாது என்று நைனாவுக்கு எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டு, நான் என் பென்சில் பாக்ஸுக்கு நெற்றி எது என்று தேடப் போனேன்.