மருமகளுக்காக வாங்கிய பேப்பர்

சனிக்கிழமை காலையில் பாத்ரூம் கழுவுவது சுபோதினியின் வேலை. அதை அவள் யாரிடமும் விட்டதில்லை. கணவர் சந்திரகுமார் கழுவினால் நடுவில் மட்டும் கழுவுவார். மூலைகள் என்று சில இடங்கள் உலகத்தில் உண்டென்பதே அவருக்குத் தெரியாது. அன்றைக்கும் நைட்டியை இடுப்பில் சொருகிக்கொண்டு கொமட்டின் அடிப்பக்கம், வாளி வைக்கும் இடம், கதவின் கீழ்ச்சட்டம் எல்லாம் தேய்த்து, தண்ணீர் ஊற்றித் தள்ளினாள். வழக்கத்தில் வேலை அதோடு முடிந்துவிடும். அன்றைக்கு ஒரு பழைய துவாயை எடுத்துவந்து, குந்தியிருந்து நிலத்தைத் துடைக்கத் தொடங்கினாள்.

வாயில் பிரஷோடு வாசலில் காத்திருந்த சந்திரகுமார் அதைப் பார்த்துவிட்டுப் பிரஷை வெளியே எடுத்தார்.

“இதென்னப்பா, பாத்ரூமை ஆராவது காய வைக்கிறவையே? தண்ணி நிக்கிறதுக்குத்தானே பாத்ரூம்.”

“லண்டனிலை பாத்ரூம் நிலம் காய்ஞ்சுதான் இருக்குமாம்.”

“அப்ப அவையள் எங்கை குளிக்கிறவை?”

“போய் குசினித் தொட்டியிலை வாயைக் கொப்பளியுங்கோ. இதுக்குள்ளை கால் வைக்கக் கூடாது.”

இத்தனை பாடுகளுக்கும் காரணம் அடுத்த வாரம் லண்டனிலிருந்து வரப்போகிற மகன் பிரதீஸும் மருமகள் துஷ்யந்தியும்தான். இரண்டு வருடத்துக்கு முன்னும், கல்யாணம் முடிந்த கையோடு இருவரும் வந்தார்கள். புதுத் திரைச்சீலை, புது மெத்தை, பிரதீஸுக்குப் பிடித்த இறால் பொரியல் என்று வீடு அமர்க்களப்பட்டது. ஒரு இரவு தங்கினார்கள். மறுநாள் காலை பிரதீஸ் தாயைக் குசினிக்குள் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தி, “துஷிக்கு இந்தப் பாத்ரூம் எல்லாம் பழக்கமில்லையம்மா. டொய்லெட் பேப்பரும் இல்லை. அங்கை பிறந்து வளர்ந்தவதானே. கோவிக்காதேங்கோ” என்றான். பின்னேரமே மரைன் டிரைவில் ஒரு ஹோட்டலுக்குப் போய்விட்டார்கள். மிச்ச நாளெல்லாம் பெற்ற பிள்ளை வெளியாள் மாதிரி மணி அடித்து வந்து, சாப்பிட்டுவிட்டு, கை துடைத்துக்கொண்டு போனான்.

இந்த முறை அவன் இந்த வீட்டிலேயே நின்று போக வேண்டும். நடுவில் நிற்பது ஒரு ரோல் பேப்பர்தான் என்றால் இருக்கிறதிலேயே நல்ல ரோலை வாங்கி வைத்துவிடுவது என்று சுபோதினி முடிவு கட்டியிருந்தாள்.

நல்லதைத் தெரிந்தெடுப்பதில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. ஒரு கூட்டுத்தாபனத்தின் கொள்வனவுப் பிரிவில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவள். பருப்பை உள்ளங்கையில் தேய்த்து மணந்து பார்த்துத்தான் வாங்குவாள். ஒரு மின்விசிறியை, சத்தம் சரியில்லை என்று, மூன்று முறை திருப்பிக் கொடுத்திருக்கிறாள். கல்யாணச் சேலை எடுக்கப் போகிறவர்கள் அவளையும் ஒரு நடை வரச் சொல்வார்கள். “சுபோ அக்காவின்ரை கை பட்டால் சரி” என்று கிருலப்பனையில் இருக்கும் அவளுடைய தங்கச்சியே சொல்வாள்.

ஆனால் டொய்லெட் பேப்பரில் கை படுவதற்கு வழியில்லை. பிரதான தெருவான காலி வீதியில் இருந்த சுப்பர்மார்க்கெட்டில் ஒரு முழுத் தட்டு நிறைய அடுக்கி வைத்திருந்தார்கள், எல்லாம் பொலித்தீனுக்குள். ஒன்றில் முகில் படம், ஒன்றில் வாத்துக்குஞ்சு, ஒன்றில் மல்லிகைப் பூ. இரண்டு படை, மூன்று படை, நாலு படை என்று தாள் அடுக்குகள் வேறு. மென்மை என்று எல்லாவற்றிலும் எழுதியிருந்தது. சொரசொரப்பு என்று எவன் எழுதப் போகிறான்? வாழ்க்கையில் ஒரு நாளும் தான் பாவித்துப் பாராத சாமானைத் தெரிந்தெடுப்பது எப்படி என்று அவளுக்கு விளங்கவில்லை. கடைசியில் ஒரு பைக்கட்டின் மூலையை நகத்தால் மெல்லக் கீறினாள்.

“நோனா, பெக்கட் எக கடண்ட எபா” என்று பின்னால் ஒரு குரல் வந்தது. உடைக்க வேண்டாம் என்று கடைக்காவலாளி சிங்களத்தில் மரியாதையாகத்தான் சொன்னான். பக்கத்தில் நின்ற பெண் திரும்பிப் பார்த்து, சுபோதினியின் கையில் என்ன இருக்கிறதென்றும் பார்த்தாள். சுபோதினி கீறின பைக்கட்டையும், அதற்கு இரண்டு பக்கத்திலும் இருந்தவற்றையும் கூடைக்குள் போட்டுக்கொண்டு விறுவிறென்று வெளியே வந்தாள்.

லிஃப்டில் எதிர்வீட்டு ஜவாஹிறா நின்றாள். பைக்குள் எட்டிப் பார்த்தாள்.

“என்ன அக்கா, யாருக்கும் வயித்தால போகுதா?”

“இல்லையப்பா. மருமகள் வாறா. அவவுக்குத் தண்ணி சரிவராதாம். உங்கடை வீட்டுக்கும் வெளிநாட்டுச் சனம் வாறதுதானே, எது நல்லது எண்டு தெரியுமோ?”

“எங்கட ஊட்டுல தண்ணி இல்லாம ஒண்டும் நடக்காது. என்னக்கிட்ட பேப்பரக் கேக்குறது மீன் கடையில போய் மரக்கறி கேக்குற மாதிரி.” ஜவாஹிறா கொஞ்சம் யோசித்தாள். “ஹோட்டல்ல வேல செய்ற எங்கட மச்சான் ஒருநாள் சொன்ன. மெல்லிசா ஈந்தா வெரல் உள்ளுக்குப் போயிருமாம். தடிப்பா ஒண்டு எடுங்க.”

“தடிப்பு எண்டால் எங்கடை பைப் அடைச்சுப்போடும்.”

“அதுவும் சரிதான். அந்தப் புள்ளைக்கு என்ன அக்கா அவ்வளவு பெரும? பேப்பரால தொடச்சிட்டுப் போறவங்கதான் சுத்தமாக்கும்?”

“அதைத்தான் நானும் சொல்லுறன்! எங்களைப் பார்த்தால் அவவுக்கு ஊத்தைச் சனம் மாதிரித் தெரியுது போலை” என்றாள் சுபோதினி. இதை அவள் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டு வருகிறாள். ஜவாஹிறாவிடம், கிருலப்பனைத் தங்கச்சியிடம், கோயிலில் பக்கத்தில் இருப்பவர்களிடம். சொல்லும்போது கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். வீட்டுக்கு வந்ததும் எரிச்சல் திரும்பிவிடும்.

பைப் விஷயம் விளையாட்டில்லை. கட்டடம் பழசு. ஒருமுறை கீழ்மாடிக்காரரின் பாத்ரூமுக்குள் மேலிருந்த அழுக்கெல்லாம் பொங்கி, எல்லா வீட்டுக்காரரையும் கூட்டி வைத்துக் கூட்டம் போட்டார்கள். அதற்குப் பிறகு மூன்று மாதம் படியில் யாரும் யாரோடும் சரியாக முகம் கொடுக்கவில்லை. ஆகவே சுபோதினி குசினித் திட்டில் மூன்று எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் நிரப்பி, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பேப்பரைக் கிழித்துப் போட்டாள். முகில் பேப்பர் அப்படியே கிடந்தது. எடுத்துப் பிழிந்தால் திரும்பவும் பாவிக்கலாம் போலிருந்தது. வாத்துக்குஞ்சு உடனே கரைந்தது. அதை நனைத்த முழங்கையில் தேய்த்துப் பார்த்தாள். தேங்காய்ப்பூ மாதிரித் துணுக்குத் துணுக்காக ஒட்டிக்கொண்டது. மல்லிகைப்பூ கரைவதில் பரவாயில்லை, ஆனால் வீடு முழுக்க மரணவீட்டு மாலை வாசம்.

சந்திரகுமார் தும்மிக்கொண்டு வந்தார்.

“இதென்ன டெண்டரோ? மூண்டு கொம்பனியும் சாம்பிள் அனுப்பினவையோ?”

“உங்கடை பகிடியைக் கொண்டுபோய் பல்கனியிலை வையுங்கோ. எனக்கு விசர் பிடிக்குது.”

“நான் ஒண்டு சொல்லட்டே? அவளிட்டையே ஒரு வட்ஸ்அப்பிலை கேளும். எது பாவிக்கிறனீர் பிள்ளை எண்டு.”

“ஓம், கேக்கத்தான் வேணும்! மாமியார் இதையோ கேக்கிறது?”

அவர் சொன்னது ஒன்றுதான் அந்த வாரம் முழுவதும் அந்த வீட்டில் சொல்லப்பட்ட நல்ல யோசனை. சுபோதினி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெயிலில் இன்னும் இரண்டு நடை நடந்து, புறக்கோட்டைக்கும் ஒரு முறை பஸ் ஏறிப்போய், மொத்த வியாபாரி ஒருவர் பைக்கட்டைப் பிரித்துக் காட்ட, வாசமில்லாத இரண்டு படைப் பேப்பர் ஒன்றைத் தொட்டு, இழுத்து, கிழித்துப் பார்த்து வாங்கினாள். கரையவும் செய்தது, ஒட்டவும் இல்லை. தெரிவு சரி என்று முதன்முதலாக மனதுக்குப் பட்டது.

அடுத்த பிரச்சினை அதை எங்கே வைப்பது என்பது. வீட்டில் ஒரேயொரு பாத்ரூம். அதற்குள் சந்திரகுமார் வாளியில் தண்ணீர் நிரப்பி, கோப்பையால் அள்ளி அள்ளித் தலையில் அடிப்பார். சுவரின் மேல்பாதி வரைக்கும் தண்ணீர் தெறிக்கும். கொமட்டுக்குப் பக்கத்தில் தொங்கவிட்ட முதல் ரோல் அவருடைய ஒரே குளிப்பில் ஊறிப்போய் நிலத்தில் விழுந்தது. தண்ணீர் படாத இடத்தில் வைத்தால் கடற்காற்றில் பிசுபிசுத்தது. ஒரு ஐஸ்கிரீம் பெட்டியைக் கழுவிக் காயவைத்து, ரோலை அதற்குள் இருத்தி, மூடி போட்டு, ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

“குளிக்கேக்கை கோப்பையைத் தோளிலை வைச்சு மெல்ல ஊத்துங்கோ” என்றாள் கணவரிடம்.

“நான் என்ன, பூஞ்சாடிக்கோ தண்ணி ஊத்துறன்?”

“அவையள் நிக்கிற மட்டும் நீங்கள் பூஞ்சாடிதான்.”

வந்தார்கள். முதல் நாள் நன்றாகவே போனது. துஷ்யந்தி குசினிக்குள் வந்து மரக்கறி வெட்டித் தந்தாள், கொஞ்சம் பெரிசு பெரிசாக. சுபோதினி அதை அப்படியே சட்டிக்குள் போட்டாள். மருமகள் பாத்ரூமுக்குள் போகும்போதெல்லாம் சுபோதினியின் காதும் கூடவே போய் நின்றது. வெளியே வரும்போது முகத்தைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

இரண்டாம் நாள் காலை, தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது துஷ்யந்தி ஒரு பிளாஸ்டிக் கோப்பையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். அதற்குள் ரோல் ஊறிப் பருத்துக் கிடந்தது.

“மாமி, ஐ ஆம் சொறி. மூடி திறந்து இருந்தது. மாமா குளிச்சவர்.”

“நான் தோளிலைதான் ஊத்தினனான்!” என்று ஹோலிலிருந்து சந்திரகுமார் கத்தினார்.

சுபோதினிக்குக் கோபம் உச்சியில் ஏறியது. ஆனாலும் மருமகளிடம் காட்டக்கூடாது. “ஒண்டும் யோசியாதை பிள்ளை. அலுமாரி நிறைய இருக்கு. உமக்கு எண்டுதான் வாங்கி வைச்சனான். இப்பவே எடுத்துத் தாறன்.”

“எனக்கோ?” துஷ்யந்தி சிரித்தாள். “எனக்கு வேண்டாம் மாமி. நான் பேப்பர் பாவிக்கிறேல்லை. எங்கடை அம்மா லண்டனிலையும் வாளியும் கோப்பையும் வைச்சிருக்கிறவ. அது இல்லாட்டி எனக்கு ஒரு மாதிரி இருக்கும். பிரதீஸுக்குத்தான் பேப்பர் வேணும். அவர்தான் மூடியைத் திறந்து விட்டிட்டு வந்தவர்.”

கல்லில் தோசை கருகத் தொடங்கியது. சுபோதினி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“அப்ப போன முறை...”

“போன முறை ஹோட்டலுக்குப் போகேக்கை எங்களுக்குள்ளை சண்டை மாமி. நீங்கள் அவ்வளவு சமைச்சு வைச்சிருந்தனீங்கள். எனக்கு இஞ்சை நிக்கத்தான் விருப்பம். அவர் கேக்கேல்லை.” பிறகு, எதையோ தவறிச் சொல்லிவிட்டோமோ என்று பட்டிருக்க வேண்டும்; கோப்பையைத் திட்டில் வைத்துவிட்டு, “தோசை, மாமி” என்றாள்.

சுபோதினி அடுப்பை அணைத்தாள். கை துடைக்காமலே ஹோலுக்குப் போனாள். பிரதீஸ் மடியில் கணினியோடு கதிரையில் சாய்ந்திருந்தான். சந்திரகுமார் தலையில் துவாயோடு, இங்கே மழை வரப்போகிறது என்று தெரிந்தவர் போல, பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு பல்கனிக்கு நகர்ந்தார்.

“பாத்ரூம் ஆருக்கடா பழக்கமில்லை?”

பிரதீஸ் நிமிர்ந்தான். “என்னம்மா?”

“போன முறை சொன்னியே. அவவுக்குப் பழக்கமில்லை எண்டு. அவ ஒரு நாளும் பேப்பர் தொட்டதில்லையாம்.”

அவன் குசினிப் பக்கம் ஒரு முறை பார்த்தான். “அம்மா, உது ஒரு விசயமே? கனகாலம் அங்கை இருந்திட்டன். பழக்கம் மாறிப்போச்சு. ஈரப் பாத்ரூமுக்குள்ளை போகவே எனக்கு ஏலாது. அதை உங்களுக்கு எப்பிடிச் சொல்லுறது?”

“அதுக்கு அவளின்ரை தலையிலை போட்டாய்.”

“அவ எண்டால் நீங்கள் கோவிக்க மாட்டியள் எண்டு நினைச்சனான்.”

“நான் கோவிக்கேல்லை எண்டு ஆர் சொன்னது? ஒரு கிழமையா வெயிலுக்குள்ளை பேப்பர் பேப்பராத் தடவித் திரிஞ்சனான். கடைக்காவலாளியிட்டைப் பேச்சு வாங்கினனான். உன்ரை அப்பாவை நிம்மதியாக் குளிக்க விடேல்லை. எல்லாம் அவவுக்கு எண்டு நினைச்சு.”

“சரியம்மா, சொறி. நான் நாளையிலையிருந்து மரைன் டிரைவிலை ரூம் பார்த்திருக்கிறன். சாப்பாட்டுக்கு இஞ்சைதானே வாறது. உங்களுக்கும் கரைச்சல் இல்லை.”

அவன் ஏற்கெனவே பார்த்துவிட்டான். அவள் வாங்கின பேப்பர் நல்லதா கெட்டதா என்பதெல்லாம் அவனுடைய கணக்கில் இருந்ததேயில்லை. குசினியில் துஷ்யந்தி கருகின தோசையைக் கரண்டியால் சுரண்டும் சத்தம் கேட்டது.

“நீ போற இடத்துக்குப் போ” என்றாள் சுபோதினி. “ஜவாஹிறாவிட்டை, உன்ரை சித்தியிட்டை, கோயிலிலை, ரெண்டு வருசமா இந்தப் பிள்ளைக்குப் பெருமை எண்டுதான் நான் கதைச்சுத் திரிஞ்சிருக்கிறன். எல்லாரும் அவளைப் பார்க்க இண்டைக்குப் பின்னேரம் வருவினம். அவையளுக்கு இப்ப நான் என்னத்தைச் சொல்லுறது? நீயே சொல்லு.”

பிரதீஸ் கணினியை மூடினான். சார்ஜர் வயரைச் சுவரிலிருந்து கழற்றி, கையில் சுற்றிக்கொண்டு, தாயைக் கடந்து அறைக்குள் போனான்.