நாலாவது ஹார்ன் அக்கா

இரண்டு பேர் மேசை தூக்கிக்கொண்டு போகிற இடத்தில் மூன்றாவதாக ஒரு கை அடியில் வந்து சேரும். யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். மேசை என்ன திடீரென்று லேசாகிவிட்டது என்று திரும்பிப் பார்த்தால், தோளில் வாத்தியப் பெட்டி தொங்க, நாலாவது ஹார்ன் அக்கா கூடவே நடந்து வந்துகொண்டிருப்பார். மேசையை இறக்கியதும் கையைத் தட்டிக்கொண்டு தன் வழியே போய்விடுவார். நன்றி சொல்லக்கூட நேரம் தர மாட்டார்.

பேருந்தில் முன் இருக்கைக்காரர் ஜன்னலோடு மல்லுக்கட்டினால் பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளிவிடுவார். பேச்சில் யாராவது ஒரு பெயர் மறந்து விழித்தால் எடுத்துக் கொடுப்பார். வீட்டில் மகள் பல் தேய்த்துக்கொண்டே ஏதாவது பாட்டை முணுமுணுத்தால் போதும், சமையலறையிலிருந்து அதற்கு அடியில் ஒரு கீழ்ச்சுரம் கிளம்பிவிடும்.

"அம்மா, நான் தனியாப் பாடிக்கிறேனே, விட்டுடேன்" என்று மகள் வாயில் நுரையோடு கெஞ்சுவாள்.

"பாடேன். நான் என்ன உன் வாயையா பொத்தினேன்?" என்பார் அக்கா. மகள் அடுத்த வரியைத் தொடங்குவதற்குள் கீழ்ச்சுரம் மறுபடி வந்து உட்கார்ந்திருக்கும்.

இதைக் குணம் என்று சொல்வதைவிடத் தொழில் என்று சொல்வதே நியாயம். ஊரின் சிம்பொனி இசைக்குழுவில் அவர் நாலாவது ஹார்ன். ஹார்ன் என்றதும் லாரியை நினைக்க வேண்டாம். தெருமுனைக் கடைக்காரர் அப்படித்தான் நினைத்துக்கொண்டு, "சம்பளம் குடுத்தா அடிக்கச் சொல்றாங்க?" என்று ரொம்ப நாள் வியந்துகொண்டிருந்தார். இது நத்தைபோலச் சுருண்ட பித்தளைக் குழல். குழுவில் நான்கு பேர் வாசிக்கிறார்கள். மேலே ஏறி மின்னுவது முதல் ஹார்ன்காரர் வேலை, கைதட்டலும் அவருக்குத்தான். நாலாவது ஆள் அடியில் இருந்து தாங்க வேண்டும். முதல் ஆளுக்கு மூச்சு முட்டுகிற இடத்தில் காதும் காதும் வைத்தாற்போல் உள்ளே நுழைந்து அவருடைய சுரத்தைப் பிடித்துக்கொண்டு, அவர் சுதாரித்ததும் நழுவிவிட வேண்டும். வந்ததும் தெரியக் கூடாது, போனதும் தெரியக் கூடாது.

"நான் நல்லா வாசிச்சா ஒருத்தருக்கும் தெரியாது. கச்சேரி முடிஞ்சு யாராவது என்னைப் பாராட்டினா எனக்குப் பயமா இருக்கும், எங்கயோ தப்புப் பண்ணிட்டமோன்னு" என்று சொல்லிவிட்டு அக்கா சிரிப்பார். அந்தச் சிரிப்பு மட்டும் கடைசி வரிசைவரை கேட்கும்.

இசைக்குழு எப்போதும் அரங்கிலேயே அடைந்து கிடப்பதில்லை. வயலின்காரர்கள் சிறைச்சாலைக்குப் போய்ச் சொல்லிக்கொடுக்கிறார்கள். முரசு, தாளக் கூட்டம் பள்ளிக்கூடங்களுக்குப் போய்த் தலைமையாசிரியர்களுக்குத் தலைவலி உண்டாக்கிவிட்டு வருகிறது. அக்காவுக்கு வாய்த்தது பொது மருத்துவமனையின் நெஞ்சு நோய்ப் பிரிவு. அங்கே நுரையீரல் பலவீனப்பட்டவர்களுக்கு மூச்சுப் பயிற்சியாகப் பலூன் கொடுத்து ஊதச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பேரன் பேத்தி எடுத்தவர்களுக்குப் பலூன் ஊதுவதில் என்ன சுவாரசியம் இருக்கும்? சிஸ்டர் அந்தப் பக்கம் திரும்பியதும் பலூன் தலையணைக்கு அடியில் போய்விடும்.

அக்கா யோசித்துப் பார்த்தார். செடிக்குத் தண்ணீர் விடுகிற ரப்பர் குழாயில் ஒரு துண்டு, அதன் ஒரு முனையில் எண்ணெய் ஊற்றுகிற புனல். மறுமுனையில் உதட்டைச் சேர்த்துவைத்து, உதடு அதிரும்படி ஊதினால் அதுவும் ஹார்ன்தான். குழாய்க்குப் பஞ்சமில்லை, அக்காவின் வீட்டுக்காரர் பிளம்பர். எல்லாத் துண்டுகளையும் ஒரே நீளத்துக்கு வெட்டி, உதட்டில் குத்தாமல் இருக்க விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துக் கொடுத்தவர் அவர்தான்.

"என் பொழப்புல பைப்புல சத்தம் வந்தா ரிப்பேர். இவ பொழப்புல சத்தம் வரலைன்னா ரிப்பேர். எப்படியோ ரெண்டு பேருக்கும் பைப்புதான் சோறு போடுது" என்பார் அவர்.

புதன்கிழமை காலைகளில் அந்தப் பிரிவுக்குள் நுழைந்தால் மாட்டுத்தொழுவத்துக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றும். தையல்காரம்மாவின் குழாய் கன்றுக்குட்டியாகக் கத்தும். பழைய காவலாளியின் குழாய் ஒரு நேரம் கப்பல், ஒரு நேரம் தவளை. சிரித்துச் சிரித்தே அவர்களுக்கு மூச்சு வாங்கும். அதுவும் பயிற்சிதான் என்று டாக்டரம்மா விட்டுவிட்டார்.

சத்தமே வராத ஆள் ஒருவர் இருந்தார். காய்கறிச் சந்தையில் ஏலம் விட்டவர். அவர் தக்காளிக்கு விலை சொன்னால் கடைசிக் கொட்டகையில் வெங்காயம் உரிப்பவர் நிமிர்ந்து பார்ப்பாராம். அப்பேர்ப்பட்ட தொண்டைக்கு இப்போது நாலு வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு தேவைப்பட்டது. குழாயை வாயில் வைத்தால் 'புஸ்' என்று காற்றுதான் போகும். மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்து, அவர் தொடங்குகிற வாக்கியங்களையெல்லாம் முடித்துவைப்பார்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இவரு என்னைப் பேச விட்டதில்ல டீச்சர். இப்பதான் என் முறை வந்திருக்கு" என்று அந்த அம்மா குதூகலமாகச் சொல்வார். ஏலக்காரர் முறைப்பார், முறைக்க மூச்சு தேவையில்லை.

வாரங்கள் போயின. கன்றுக்குட்டியும் தவளையும் தேறிக்கொண்டே வந்தன. ஏலக்காரருக்கு 'புஸ்' மட்டும்தான். ஒரு புதன்கிழமை குழாயை மடியில் போட்டுவிட்டு, "அடுத்த வாரம்... நான் வரல" என்றார். அக்காவுக்கு மனசு தாங்கவில்லை. "ஒரே ஒரு தடவை, அண்ணே" என்று கெஞ்சிவிட்டு, மற்றவர்களுக்குச் சுரம் காட்டுவதற்காகக் கையில் வைத்திருந்த ஹார்னோடு அவர் முதுகுக்குப் பின்னால் நின்றார். அவர் ஊதினார். அக்காவின் உதடு அக்காவைக் கேட்காமலே வேலையைச் செய்துவிட்டது. 'புஸ்'ஸுக்கு அடியில் மெல்ல ஒரு சுரம் நுழைந்து, பெருத்து, அவர் மூச்சு முடிந்த இடத்தில் தானும் முடிந்தது. பிசிறு இல்லை. சிஸ்டர் கைதட்டினார். மனைவி அழுதேவிட்டார். ஏலக்காரர் மட்டும் புனலை ஒரு தரம் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

அக்கா செய்த தப்பு இதுதான். வேறு யாருக்கும் இப்படி ஒரு தப்புச் செய்யத் தெரிந்திருக்காது.

அடுத்த புதன்கிழமை இடி இறங்கியது. நோயாளிகளின் குழாய்களும் முழு இசைக்குழுவும் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை பெரிய அரங்கில் ஒரு சின்ன உருப்படி வாசிப்பதாக ஏற்பாடு. நடுவில் வாத்தியங்களெல்லாம் நின்றுவிடும். குழாய்க்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து ஆளுக்கு ஒரு சுரம் ஊத வேண்டும். ஏலக்காரர் தன்னைக் கடைசியில் போடச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"சந்தை முழுக்கச் சொல்லியாச்சு டீச்சர். மூட்டை தூக்கறவங்க, கடைக்காரங்க, எல்லாரும் லாரி புடிச்சு வர்றாங்க" என்றார் மனைவி.

அக்கா நடந்ததை வீட்டுக்காரரிடம் சொன்னார். "ஓட்டைய மூடி மேல பெயின்ட் அடிச்சா ஒழுகாம இருக்குமா? போய்ச் சொல்லிடு" என்றார் அவர். இசை நடத்துனரிடம் சொன்னார். அவர் இளைஞர், நல்ல மனசு. "இதுல என்னக்கா இருக்கு? அன்னிக்குப் பண்ணினதையே ஞாயித்துக்கிழமையும் பண்ணுங்க. யாருக்குத் தெரியப் போகுது?" என்றார். யாருக்கும் தெரியாது என்பது உண்மைதான். அதுதான் அக்காவை உறுத்தியது. ஒரு மனிதர் தன் ஊர் முன்னால் எழுந்து நின்று அக்காவின் சத்தத்தைத் தன்னுடையது என்று காட்டிவிட்டு உட்கார வேண்டும். அதற்கு அவரைக் குழாய் பிடிக்கவே சொல்லியிருக்க வேண்டாம்.

மறுநாளே மருத்துவமனை வராந்தாவில் ஏலக்காரரைப் பிடித்தார்.

"அண்ணே, அன்னிக்கு வந்ததே ஒரு சத்தம்..."

"உன்னுது" என்றார் ஏலக்காரர்.

அக்கா தோளிலிருந்த வாத்தியப் பெட்டியைக் கீழே இறக்கிவைத்தார்.

"ஏலத்துல... ஆள நிக்க வெச்சு... பொய்யா வெல கேக்க வெப்பாங்க. பின்னாலேர்ந்து... வர்ற குரல்... யாருதுன்னு... எனக்குத் தெரியாதா தங்கச்சி?"

"அப்ப நான் அன்னிக்கு அழுதது வீணா?" என்றார் மனைவி.

"தெரிஞ்சும் எதுக்குண்ணே ஊரையே கூப்பிட்டீங்க?"

"கூப்பிடலைன்னா... ஊதாம... வீட்டுலயே இருந்துடுவேன். வந்து உக்காந்துட்டாங்கன்னா... ஊதித்தானே ஆகணும்." ஏலக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சைச் சேர்த்தார். "ஞாயித்துக்கெழம... நீ உள்ள வராத. வந்தாலும் என்னுது... வரலைன்னாலும் என்னுது."

அத்தனை வருட வாசிப்பில் முதல்முறையாக நாலாவது ஹார்ன் பிடிபட்டுவிட்டது. அக்காவுக்கு வெட்கமாகவும் இருந்தது, ஏனோ நிம்மதியாகவும் இருந்தது. அன்றைக்கு மீதிப் பொழுது முழுக்க இருவரும் ஊதினார்கள். சனிக்கிழமையும் ஊதினார்கள். சத்தம் எப்போதாவது தலைகாட்டியது. பெரும்பாலும் காற்றுதான்.

இசை நடத்துனருக்கு மனசு கேட்கவில்லை. "நீங்க வேணாம்னா விட்டுடுங்கக்கா. அத்தனை பேர் முன்னால அவரு தலை குனியக் கூடாது. சத்தம் வரலைன்னா முதல் ஹார்ன் பார்த்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். முதல் ஹார்ன்காரரும் தலையாட்டினார். அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாடி வரிசைகளைச் சந்தை எடுத்துக்கொண்டது. கீழே வழக்கமான ரசிகர்கள் இருமலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, மேலே, "அந்தப் பெரிய வயலினை எப்படிப்பா தோள்ல வெப்பாங்க?" என்று ஆராய்ச்சி நடந்தது. உருப்படி தொடங்கியது. நடுவில் வாத்தியங்கள் நின்றன. கன்றுக்குட்டி கத்தியது, கைதட்டல். தவளை அன்றைக்குக் கப்பலாகவே ஒலித்தது, அதற்கும் கைதட்டல். கடைசியாக ஏலக்காரர் சலவைச் சட்டையோடு எழுந்து குழாயை உதட்டில் வைத்தார்.

'புஸ்.'

மாடியிலிருந்து ஒரு மூட்டை தூக்குகிறவரின் குரல், மரியாதையாக, ரகசியம்போலச் சொன்னது: "ஒரு தரம்."

அங்கங்கே சிரிப்பு. ஏலக்காரரின் முகத்திலும் ஒரு கீற்றுச் சிரிப்பு. மறுபடி ஊதினார். மறுபடி காற்று. இந்த முறை மாடியில் பத்திருபது குரல்கள் சேர்ந்துகொண்டன: "ரெண்டு தரம்."

மனைவி கண்ணை மூடிக்கொண்டார். இசை நடத்துனர் முதல் ஹார்ன்காரரைப் பார்த்தார். முதல் ஹார்ன்காரர் வாத்தியத்தை மடியிலிருந்து எடுக்கப் போனார், அது எழவில்லை. குனிந்து பார்த்தால், நாலாவது அக்காவின் கை அதை மடியோடு சேர்த்து அமுக்கிக்கொண்டிருந்தது. அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. தன் உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு ஏலக்காரரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏலக்காரர் அவசரப்படாமல் மூச்சு இழுத்தார். மூன்றாவது முறை ஊதினார்.

வந்தது. சுருதிக்குக் கொஞ்சம் கீழே, கரகரத்த, முரட்டுச் சத்தம். மாடிக்கு ஏறி, கடைசி வரிசையைத் தொட்டது. இசை நடத்துனர் நிறுத்தச் சொல்லிக் கையை மூடியும் அவர் நிறுத்தவில்லை. மூச்சு இருக்கிற மட்டும் ஊதிவிட்டுத்தான் உட்கார்ந்தார். மூன்றாம் தரம் சொல்ல மாடியில் ஒருவருக்கும் நினைவில்லை. எல்லாரும் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். இசைக்குழுவும் எழுந்துவிட்டது, இரண்டு பேரைத் தவிர.

"அக்கா, கையை எடுங்க. நானும் கைதட்டணும்" என்றார் முதல் ஹார்ன்காரர்.