நான் அடித்துவிட்ட எட்டு வார்த்தைகள்

பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் எங்கள் ஊருக்கென்று ஒரு நெடி உண்டு. மலை சுற்றப் போன ஜனம் விட்டுப்போன புளியோதரைத் தொன்னையும் வாழைப்பழத் தோலும் தெருவெல்லாம் மிதிபட்டுக் கிடக்க, அதன் மேல் நகராட்சி ஆட்கள் தூவிவிட்டுப் போகும் பிளீச்சிங் பவுடர், வெயில் ஏற ஏற எங்கள் எட்டாம் வகுப்பு ஜன்னல் வழியாக உள்ளே வந்து மூக்கை அரிக்கும். அன்றைக்கு வகுப்பில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். அடி அண்ணாமலைப் பக்கத்திலிருந்து வரும் பெண்கள் எல்லாம் வீட்டோடு கடை போட்டு, மோர் விற்று, அசந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் விற்க ஒன்றும் கிடையாது. அப்பா வாடகை ஆட்டோ ஓட்டினார், அம்மா ஒரு லாட்ஜில் படுக்கை விரிப்பு துவைத்தாள். அதனால் நான் தவறாமல் பள்ளிக்கூடம் போய்விடுவேன்.

பாதி வகுப்புக்குப் பாடம் நடத்தினால் மீதிப் பாதிக்கு மறுபடி நடத்த வேண்டும் என்று எங்கள் இங்கிலீஷ் டீச்சர், கிளாரா டீச்சர், அன்றைக்கு மட்டும் புத்தகத்தைத் திறக்க மாட்டார். போர்டில் பெரிதாக ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை எழுதுவார். அதில் இருக்கும் எழுத்துகளை மட்டும் எடுத்து, இடம் மாற்றிப் போட்டு, எத்தனை சின்ன வார்த்தை வருகிறதோ அத்தனையும் எழுத வேண்டும். ‘டீச்சர்’ என்று எழுதினால் அதற்குள்ளேயே ‘டீ’ இருக்கும், ‘ஈட்’ இருக்கும், ‘ஹீட்’ இருக்கும், ‘ரீச்’ இருக்கும். இதற்கு நாங்கள் வைத்த பெயர் ‘வார்த்தை உடைக்கிறது’. படிப்பில் நான் ஒன்றும் கெட்டிக்காரி இல்லை, ஆனால் இதில் என்னை யாரும் முந்த முடியாது. எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே இருந்தால் போதும், அவை தானாகவே நகர்ந்து ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். பயமில்லாமல் நான் செய்த காரியம் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

ஏனென்றால் மற்ற எல்லாவற்றிலும் எனக்குப் பயம்தான். அதை வீட்டிலிருந்தே கொண்டுவந்தேன். லாட்ஜில் யாரோ ஒரு யாத்ரிகர் வழி கேட்க, அம்மா தெரியாமல் வேறு அறையைக் காட்டிவிட்டாள் என்று மேனேஜர் அவளை எல்லார் எதிரிலும் நிற்கவைத்துத் திட்டியிருக்கிறார். அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரே பேச்சுதான், “தெரியலன்னா கம்முனு இரு. தப்பா சொல்லி அசிங்கப்படறதுக்குச் சொல்லாமலே இருக்கலாம்.” சோறு போடும்போதும் சொல்வாள், தலை வாரும்போதும் சொல்வாள். எனக்கு அது தலையெண்ணெய் மாதிரி உள்ளே இறங்கிவிட்டது.

எங்கள் பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. அதற்கு மேல் என்னைப் படிக்க வைப்பதா வேண்டாமா என்று வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. அம்மாவுக்கு இடுப்பு வலி ஜாஸ்தியாகிக்கொண்டே வந்ததில் அதற்கான பதில் எனக்கே தெரிந்துதான் இருந்தது. அந்த நேரத்தில் சென்னையிலிருந்து ஒரு டிரஸ்ட்காரர்கள் வந்தார்கள். ஒரு அம்மாவும் ஒரு சாரும். எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பெண்ணை எடுத்து, வேலூர்ப் பக்கம் விடுதியில் சேர்த்து, பன்னிரண்டாவது வரைக்கும் அவர்களே படிக்க வைப்பார்களாம். ஒரே ஒரு பெண். மார்க்கு லிஸ்டைப் பார்த்தால் நானும் என் பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் மும்தாஜும் சமமாக நின்றோம்.

மும்தாஜின் அத்தா மெத்தை தைக்கிறவர். அவளுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது. ஹெட்மாஸ்டரிடமே போய், “சார், உங்க பேனா நல்லா இருக்கு, குடுங்க எழுதிப் பாக்கறேன்” என்று கேட்பவள்.

யாரை எடுப்பது என்று வந்தவர்கள் யோசிக்க, கிளாரா டீச்சர்தான், “எங்க பிள்ளைங்க ஒரு ஆட்டம் ஆடுவாங்க, அதை வெச்சுப் பாருங்களேன்” என்றார். அது எனக்காகச் சொன்னது. சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பாமலே போய்ச் சாக்பீஸ் எடுத்தார். வந்த சார் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அதையே கொடுங்கள் என்றார். டீச்சர் போர்டில் ‘மவுன்டன்’ என்று இங்கிலீஷில் எழுதினார்.

எட்டு எழுத்து. பார்த்த உடனே எனக்கு உள்ளங்கை சூடாகிவிட்டது, அத்தனை வார்த்தை அதற்குள் இருந்தது. ‘மேன்’, ‘ஆன்ட்’, ‘நாட்’, ‘இன்டு’, ‘நேஷன்’ என்று நிமிராமல் எழுதிக்கொண்டே போனேன். இருபத்திரண்டு வந்துவிட்டது. அப்போதுதான் அந்த டிரஸ்ட் அம்மா சொன்னார், “ஒரு விஷயம், தப்பான வார்த்தை எழுதினா ஒவ்வொன்னுக்கும் ஒரு மார்க் குறையும்.”

கிளாரா டீச்சர் வகுப்பில் இந்தச் சட்டம் கிடையாது. தப்பு என்றால் சிரித்துவிட்டு ஒரு கோடு போடுவார், அவ்வளவுதான். நான் எழுதியதை மேலிருந்து படித்துப் பார்த்தேன். ‘ஆட்டோ’ என்று எழுதியிருந்தேன். ஆட்டோ எப்படி இங்கிலீஷாக இருக்கும்? எங்கள் அப்பா ஓட்டுவது. ‘யூனியன்’ என்று எழுதியிருந்தேன். அது பஸ் ஸ்டாண்டில் அப்பா சந்தா கட்டுகிற இடம். ‘யூனிட்’ என்பது கரண்டு பில்லுக்காக அம்மா புலம்புவது, ‘மெயின்’ என்பது வீட்டில் ஃபியூஸ் போனால் ஆஃப் பண்ணுவது, ‘டின்’ என்பது எண்ணெய் வாங்கப் போவது, ‘டன்’ மணல் லாரிக்காரர்கள் சொல்வது, ‘அமௌன்ட்’ சீட்டுக்காரர் கேட்பது, ‘அவுட்’ தெருவில் பையன்கள் கத்துவது. இதெல்லாம் நாங்கள் நாள் முழுக்க வாயில் போட்டுப் புரட்டுகிற வார்த்தைகள். இங்கிலீஷ் என்றால் எங்களுக்குத் தெரியாததாகத்தானே இருக்கும்! எங்கள் வீட்டில் கிடப்பதை எல்லாம் எடுத்துக்கொண்டு வந்து இங்கிலீஷ் என்று எழுதி வைத்திருக்கிறேனே, இந்த சாரும் டிரஸ்ட் அம்மாவும் படித்துவிட்டுச் சிரிப்பார்களே என்று வியர்த்தது. ஒவ்வொன்றாக அடித்தேன். எட்டையும் அடித்தேன். யாருக்கும் தெரியக் கூடாது என்று இரண்டு கோடு போட்டு அடித்தேன்.

பதினான்கு மிச்சம். பதினான்கும் சரி. மும்தாஜ் பத்தொன்பது எழுதி இரண்டு தப்பு. பதினேழில் இரண்டு கழித்துப் பதினைந்து.

வெளியே குழாயடியில் வைத்து அவளே சொன்னாள், “நீ ஆட்டோவ அடிச்சியா, நான் உடனே எழுதிட்டேன்டி. நீதான் வேணாம்னு அடிச்சிட்டியே, அப்ப அது ஃப்ரீ தானே?” சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தாள். அவளைக் கோபித்துக்கொள்ள எனக்குக் காரணம் கிடைக்கவில்லை, இன்றைக்கு வரைக்கும் கிடைக்கவில்லை.

கிளாரா டீச்சர் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டுத் தாளைக் கையில் கொடுத்தார். நான் அடித்த எட்டின் மேலும் சிவப்பு மையில் டிக் போட்டிருந்தார். “எல்லாம் சரிடி செல்வி. ஏன்டி அடிச்ச? யாரு அடிக்கச் சொன்னா?” என்றார். அடித்ததையும் கணக்கில் எடுங்கள் என்று அவர் கேட்டுப் பார்த்திருக்கிறார். பிள்ளையே வேண்டாம் என்று அடித்ததை நாங்கள் எப்படி எடுப்பது என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதுவும் நியாயம்தான்.

வீட்டில் சொன்னேன். அப்பா, “ஆட்டோ இங்கிலீஷ் இல்லன்னா அப்ப நான் என்னா ஓட்டறேன், மாட்டு வண்டியா?” என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சிரிக்கத்தான் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. அம்மா மட்டும், “விடுங்க, தப்பா எழுதி மாட்டிக்கல இல்ல” என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். அந்தக் கோடை லீவு முடிந்ததும் நான் அம்மாவோடு லாட்ஜுக்குப் போக ஆரம்பித்தேன். முதல் மாதம் இடுப்பு வலியில் அவள் உட்கார்ந்துகொண்டு சொல்வாள், நான் அலசுவேன். அப்புறம் அவள் வரவில்லை, நான் மட்டும் போனேன்.

மும்தாஜை நாலைந்து வருஷத்துக்கு முன் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். ஓசூரில் வேலை, கண்ணாடி போட்டிருந்தாள், என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அந்த நாளைப் பற்றிக் கேட்டேன். “ஏதோ எழுதச் சொன்னாங்க இல்ல? என்னா வார்த்தடி அது, எனக்கு மறந்தே போச்சு” என்றாள். அவளுக்கு ஓசூர் பஸ் வந்துவிட்டது.

இப்போது அந்தப் பள்ளிக்கூடம் இல்லை. பிள்ளைகள் குறைந்துபோய் வேறொன்றோடு சேர்த்துவிட்டார்கள். பௌர்ணமி அன்று அந்த மைதானத்தில் வெளியூர் வண்டிகளை நிறுத்துகிறார்கள். கிளாரா டீச்சர் ரிட்டயர் ஆகி எந்த ஊருக்குப் போனார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூட எனக்கு ஆள் இல்லை.

நான் இன்னும் லாட்ஜில்தான் இருக்கிறேன், வேறொரு லாட்ஜ், இப்போது விரிப்பு அறைக்கு நான்தான் பொறுப்பு. எங்கள் மேனேஜர் நல்ல மனுஷர். வெளிநாட்டுக்காரர்கள் படிக்கட்டில் என்னிடம் இங்கிலீஷில் ஏதாவது கேட்க, நான் சொன்ன பதிலை அவர் ஒரு தடவை கேட்டிருக்கிறார். “செல்வி, கீழ ரிசப்ஷன்ல உக்காரும்மா, உனக்கு வருது, ஏன் மேல கிடக்கற?” என்றார். தப்பாக ஏதாவது எழுதிவிட்டால் என்ன செய்வது என்று ராத்திரியெல்லாம் யோசித்துவிட்டு, “வேணாம் சார், எனக்கு அதெல்லாம் தெரியாது” என்று சொன்னேன். இரண்டு வருஷம் கழித்து மறுபடி கேட்டார். மறுபடியும் அதையே சொன்னேன்.

போன மாதம் அந்த ரிசப்ஷன் மேஜையை எடுத்துவிட்டார்கள். வருகிறவர்கள் எல்லாம் போனிலேயே ரூம் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள், சாவி கொடுக்க வாட்ச்மேன் போதுமாம். மேஜையையும் நாற்காலியையும் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போவதைப் படிக்கட்டில் நின்று பார்த்தேன். இனிமேல் யாரும் என்னிடம் கேட்கப் போவதில்லை என்று முதலில் ஒரு நிம்மதிதான் வந்தது. அந்த நிம்மதி எனக்கு எவ்வளவு பழக்கமானது என்று தெரிந்தபோதுதான், கையிலிருந்த விரிப்புகளோடு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.