சில்லுக்குள் வலை

என் வீட்டுக்காரரைக் கண்ணைக் கட்டிக் கடலில் விட்டாலும் கரைக்கு வந்துவிடுவார். தரையில் இரண்டு ஒழுங்கை திரும்பினால் போதும், மனிசனுக்குத் திசை கெட்டுப்போகும். குருநகரில் பிறந்து, நடை பழகும் முன்னமே வள்ளத்தில் ஏறியவருக்குப் பனங்கூடலும் புகையிலைத் தோட்டமும் எங்கே தெரியும்? உனக்கு மட்டும் தெரியுமோ என்று கேட்காதீர்கள். எனக்கும் தெரியாது. ஆனால் தெரிந்த மாதிரிச் சத்தம் போடுவேன்.

ஷெல்லடிக்குப் பயந்து கரையை விட்டு ஓடி, வட்டுக்கோட்டைப் பக்கம் தோட்டம் செய்யும் ஒரு கமக்காரரின் வளவில் கொட்டில் போட்டுக்கொண்டு இருந்த காலம் அது. சண்டையால் கடலுக்குப் போகத் தடை. பெற்றோல் வருவதில்லை, ஆகவே பஸ்ஸும் இல்லை, காரும் இல்லை. எல்லாவற்றுக்கும் சைக்கிள்தான். ஊரை விட்டு வெளிக்கிட்ட அன்று நான் பிள்ளையையும் சட்டிபானையையும் தூக்கினேன். அவர் வலையைத் தூக்கினார். மற்ற வலைகள் எல்லாம் எரிந்துபோக, மிஞ்சியது அந்த ஒரு துண்டுதான்.

கொட்டிலில் வைத்தால் எலி கடிக்கும் என்று அதைச் சுருட்டிச் சைக்கிள் கரியரிலேயே கட்டி வைத்திருந்தார். எங்கே போனாலும் வலையும் கூடப் போகும். நான் ஏறினால் அதன் மேல்தான் இருக்கவேண்டும். எத்தனை வெயில் பட்டும் அந்த மீன் வாடை போகவில்லை. கோயிலுக்குப் போனால் என் சேலையிலும் அதே வாடை.

"உந்தக் கோதாரி பிடிச்ச வலையை ஆருக்கும் குடுத்து அரிசியாவது வாங்குங்கோவன்" என்று நாள் தவறாமல் ஏசுவேன்.

"தடை எடுத்த உடனை என்னத்தோடை கடலுக்குப் போறது? உன்ரை வாயோடையோ?" என்பார்.

எங்கள் மகளுக்கு அப்போது ஆறு வயது. பிறந்த நாளிலிருந்தே தொய்வு வருத்தம், மூச்சு இழுக்கும். கரையில் இருந்தபோது கடல் காற்றில் ஒருவாறு சமாளித்தாள். இங்கே செம்மண் புழுதியும், பச்சைப் பனைமட்டை எரித்த புகையும் அவளை வாட்டி எடுத்தன. ஒரு நாள் விடியற்காலையில் முட்டு இழுக்கத் தொடங்கியது. எண்ணெய் காணாத கிணற்றுக் கப்பி மாதிரி ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு கிறீச்சுச் சத்தம். பக்கத்து டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே மருந்து முடிந்துவிட்டது.

"பட்டினத்துக்குக் கொண்டு ஓடுங்கோ. பெரியாஸ்பத்திரியிலை ஒட்சிசன் குடுத்தால்தான் பிள்ளை தப்பும்" என்றார் அங்கிருந்த மருந்தாளர்.

பெரிய றோட்டில் அன்று கால் வைக்க முடியாது. ஹெலிகொப்டர் ஒன்று மேலே சுற்றிச் சுற்றிச் சுட்டுக்கொண்டிருந்தது. உள்ளால், கிறவல் ஒழுங்கைகளால்தான் போகவேண்டும். எங்கள் ஆட்கள் ஒருவரைச் சபிப்பதென்றால் "குறுக்காலை போவான்" என்பார்கள். அன்று நாங்கள்தான் குறுக்கால் போனோம்.

நான் கரியரில், வலையின் மேல். மடியில் பிள்ளை. சாய்த்தால் மூச்சு இன்னும் முட்டும் என்று நிமிர்த்திப் பிடித்திருந்தேன். அவர் எழும்பி நின்று பெடலை உழக்கினார். இரண்டு பக்கமும் பனைகள், இளம் வடலிகள், நடுவே கல்லும் குழியுமான பாதை. நல்ல நிழல். குருவிச் சத்தம். ஒரு வாகனம் இல்லை. வாகனமில்லாத பாதையில் சைக்கிள் ஓடுவது எவ்வளவு சுகம் என்று இந்தக் காலத்தில் யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிள்ளைக்கு மூச்சு முட்டும்போது மறித்து ஏற ஒரு லொறி இல்லாத பாதை அது. வழி கேட்க ஒரு சனமும் இல்லை. ஹெலிக்குப் பயந்து எல்லோரும் பங்கருக்குள் கிடந்தார்கள்.

பாதை மூன்றாகப் பிரிந்த இடத்தில் சைக்கிளை நிறுத்தி முகத்தை உயர்த்திக்கொண்டு நின்றார்.

"என்ன பாக்கிறியள்? வானத்திலையோ வழி எழுதிக் கிடக்கு?"

"சோளகக் காத்து வலக்கன்னத்திலை படவேணும். அப்ப பட்டினம் நேரை" என்றார்.

கடலில் காற்று நேரே வரும். பனங்கூடலுக்குள் சுழன்றல்லவா வரும்! காற்றை நம்பி உழக்கிப் போய் ஒரு தோட்டக் கிணற்றடியில் நின்றோம். அதற்கப்பால் பாதையே இல்லை. ஐயோ, நான் ஏசிய ஏச்சு! அவருடைய பரம்பரையையே இழுத்து ஏசினேன். பிள்ளையின் உதடு நீலம் பாரிக்கத் தொடங்கியிருந்தது. அவர் சைக்கிளைத் திருப்பினார்.

திரும்பி வந்து மற்றப் பாதையில் ஏறிக் கொஞ்சத் தூரம்கூடப் போகவில்லை. வெடிச்சத்தம் ஒன்று கேட்டது. குண்டென்று நினைத்துப் பிள்ளையோடு குதித்தேன். சைக்கிளின் பின்சில்லு ரியூப் வெடித்திருந்தது! ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்ட ரியூப் அது. புதிது வாங்க ஊரில் எங்கேயும் இல்லை. இந்த முறை ஒட்ட இடமே இல்லாமல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது.

"நடப்பம். நான் தூக்கிக்கொண்டு ஓடுறன்" என்றேன்.

"நடந்தால் பிள்ளை தாங்காது."

"அப்ப வைக்கோல் தேடுங்கோ, அடைச்சுக்கொண்டு போவம்." ரியூப் இல்லாதவர்கள் அப்போது ரயருக்குள் வைக்கோல் அடைத்துத்தான் ஓடினார்கள். சுற்றிப் பார்த்தோம். பனையும் புழுதியும் தவிர ஒன்றும் இல்லை.

அவர் கரியர் கயிற்றை அவிழ்த்து வலையை நிலத்தில் விரித்தார். மடியிலிருந்த கத்தியை எடுத்தார். எப்போது தொலையும் என்று நான் ஏசிக்கொண்டிருந்த அதே வலைதான். கத்தியைக் கண்டதும் நானே மறித்தேன்.

"வேண்டாமுங்கோ! அதை வெட்டாதேங்கோ!"

"ஓரத்துக் கிழிசலைத்தான் வெட்டுறன். பிறகு தைச்சுப் பொத்தலாம். நீ கதையாமல் பிள்ளையைப் பிடி."

மருந்து கொடுக்கக் கொண்டுவந்த கரண்டியால் ரயரை நெம்பித் திறந்து, வெட்டிய வலையை இறுக்கி இறுக்கி உள்ளே அடைத்தார். மேலால் கயிற்றைச் சுற்றிக் கட்டினார். ஏறினோம். சில்லு உருண்டது! அந்தோனியாரே என்று கத்தினேன். ஆனால் கிறவல் கல் சும்மா விடுமா? கொஞ்ச நேரத்தில் வலை ஒரு பக்கம் ஒதுங்க, ரிம் கல்லில் இடித்தது. மறுபடி இறங்கி, மறுபடி வெட்டினார். இந்த முறை பாதி வலை போனது. பிறகும் இடித்தது. மூன்றாம் முறை வெட்டும்போது "பொத்தலாம்" என்று அவர் சொல்லவில்லை. நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளையின் தலை என் தோளில் விழுந்துவிட்டது. கப்பிச் சத்தம் குறைந்துகொண்டே போனது. சத்தம் போடவும் அவளுக்குப் பலமில்லை.

"அம்மாவைப் பார் குஞ்சு. மூச்சை எடு. எடு மோனை" என்று அவள் காதுக்குள் கத்திக்கொண்டே போனேன். வெறும் கரியர் இரும்பு என் துடையை அறுத்தது. அவர் முதுகில் சேர்ட் ஒட்டிப்போய், எலும்பெல்லாம் தெரிந்தது. இதற்குமேல் ஒரு முறை நின்றால் எதை வெட்டி அடைப்பது என்றுதான் நினைத்தேன். கடவுள் கிருபை, நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பிள்ளையை என் கையிலிருந்து பறித்துக்கொண்டு ஓடினார்கள். மூக்கில் குழாய், கையில் ஊசி. நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் கிடந்தேன். வெகு நேரத்துக்குப் பிறகு அந்தக் கப்பிச் சத்தம் திரும்பக் கேட்டது. அதைப்போல இனிமையான சத்தம் நான் கேட்டதில்லை. உதட்டில் நிறம் வந்த பிறகுதான் எழும்பி வெளியே போனேன்.

அவர் வேப்பமரத்தடியில் சில்லைக் கழற்றி வைத்துக்கொண்டு ரயருக்குள்ளிருந்து வலையை இழுத்துக்கொண்டிருந்தார். வலை என்ன வலை! கிறவல் அரைத்த அரைவையில் நரைமயிர் மாதிரித் தும்புதும்பாக வந்தது. அவர் ஒவ்வொரு பிடியையும் விரித்துப் பார்த்தார். பொத்தத் தொடங்குவதற்கு ஒரு வலைக்கண்ணாவது முழுதாக மிஞ்சியிருக்காதா என்று தேடினார். ஒன்றும் இல்லை. வலையின் ஈயக்குண்டுகள் மட்டும் அவர் மடியில் முடிந்து கிடந்தன.

என் கால்களைக் கண்டுவிட்டு, நிமிராமலே கேட்டார்.

"மூச்சு விடுறாளோ?"

"ஓம். விடுறாள்."

"அப்ப காணும், போதும்" என்றார். கையிலிருந்த தும்பை மட்டும் கீழே போடவில்லை.

பிள்ளைக்குச் சுகமென்று ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி எங்களை அனுப்பிய அன்று, அதே ஒழுங்கைகளால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தோம். ரயருக்குள் யாரோ கொடுத்த வைக்கோல். பிள்ளை வெறும் கரியரில் இருந்தபடி இரண்டு பக்கமும் நெளிந்தாள்.

"அப்பா, குத்துது. எங்கை எங்கடை வலை?"

அவர் திரும்பாமல் சைக்கிளை உருட்டினார். அந்த வலையைப் பற்றி ஒரு நல்ல சொல் சொல்லாத நான்தான் சொன்னேன்.

"கடலிலை விட்டிருக்கு மோனை."

"மீன் பட்டுதோ?"

அவர் சைக்கிளை நிறுத்திவிட்டுத் திரும்பி, அவள் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தார். அது ஏறி இறங்கியது.

"பட்டுது" என்றார்.