கதவில் செருகிய வேப்பிலை

மாரியாத்தாளை நம்பியிருக்கிற உங்களுக்கு, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். எழுத்து எனக்கு அவ்வளவாக வராது. நிதானமாகத்தான் எழுதுகிறேன்.

மோகனூர்ப் பக்கம் வயற்காட்டுக்குள் ஒற்றை வீடு. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் போர்வெல் போடுகிற ரிக் வண்டியோடு வடக்கே இருக்கிறான். ஒரு கை உப்புக்குக்கூட யார் வாசலிலும் நான் நின்றதில்லை. பேச ஆளில்லாமல் மாட்டோடு பேசுவேன்.

போன ஆடியில் ஒரு காலை, மாட்டுக்குக் கரும்புத் தோகை அறுக்கும்போது குளவி கையில் கொட்டியது. முந்தின வருசமும் கொட்டியது. அப்போது கை வீங்கி வடிந்தது, அவ்வளவுதான். சுண்ணாம்பு தடவிக்கொண்டு வேலையைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம் அரிப்பு. உடம்பு முழுக்கச் சிவந்து தடித்தது. உதடு கனத்தது. ஆத்தா வந்துவிட்டாள் என்றே நினைத்தேன். அம்மை கண்டால் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. கதவில் வேப்பிலை செருகிவிட்டு, தாழ்ப்பாள்கூடப் போடாமல் படுத்தேன்.

அப்புறம் வாந்தி. தொண்டை இறுகியது. மூச்சு விசில் மாதிரி சத்தம் போட்டது. போன் பக்கத்தில்தான் கிடந்தது, எடுக்கக் கையில் வலு இல்லை. செத்தாலும் மாடு கத்தினால்தான் வெளியே தெரியும். அழுகை வந்தது. “ஆத்தா, நீ வந்தது சந்தோசந்தான். ஒத்தையில மட்டும் உட்றாத சாமி. யாரையாச்சும் அனுப்பு” என்று மனசுக்குள் வேண்டினேன்.

பக்கத்துக் காட்டுப் பழனியம்மாளுக்கும் எனக்கும் அதிகம் பேச்சில்லை. அந்த வழியாகப் போனவள் வேப்பிலையைப் பார்த்திருக்கிறாள். ஆத்தாளுக்கென்று இளநீர் வெட்டி வாசப்படியில் வைக்க வந்தாள்.

“அக்கா, எளநி வெச்சிருக்கறனுங்க. ஏனுங்க, அதென்ன சத்தம்?”

எனக்குப் பேச்சு வரவில்லை. உள்ளே வந்து பார்த்தவள் அலறிவிட்டாள். “மூச்சே நிக்கப் போவுது! ஒரு போன் போட்டா உங்க கவுரவம் கொறஞ்சா போயிரும்?” திட்டிக்கொண்டே ஆம்புலன்சைக் கூப்பிட்டாள்.

ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி போட்டார்கள். தொண்டை மெல்லத் திறந்தது. டாக்டரம்மா சொன்னார்: “இது அம்மை இல்லீங்கம்மா, குளவி வெசம். மொதத் தடவ கொட்டுனப்பவே ஒடம்பு அத எதிரின்னு நெனப்புல வெச்சுக்கிச்சு. மறுபடி கொட்டவும் ஒடம்பு பூராவும் சண்டைக்கு எறங்கிருச்சு. அதுலதான் தோல் தடிச்சு, தொண்டை வீங்கி, ரத்த அழுத்தம் எறங்குச்சு. இனிமே கொட்டுனா சுண்ணாம்பு தேடாதீங்க. ஒடனே கெளம்பி வந்துருங்க.”

அம்மை இல்லாத உடம்புக்கு வேப்பிலை செருகினேன். அது இல்லாவிட்டால் பழனியம்மாள் வழியோடு போயிருப்பாள். என் தப்பையே வழியாக்கி ஆத்தா ஆள் அனுப்பினாள்.

இப்போது போன் என் இடுப்பில் இருக்கிறது. வீடு அதே ஒற்றை வீடுதான். மத்தியானம் வந்தால் மாட்டோடுதான் பேச்சு. ஆனால் விடிந்ததும் வரப்பிலிருந்து பழனியம்மாள் குரல் கொடுக்கிறாள்: “அக்கா, இருக்கறீங்களா, போயிட்டீங்களா?”

நீங்களும் தனியாக இருந்தால் ஆத்தாளைக் கூப்பிடுங்கள். அவள் அனுப்புகிற ஆளுக்குக் கதவைத் திறந்து வையுங்கள். நான் தாழ்ப்பாள் போடுவதை விட்டுவிட்டேன். விடிவதற்கு முன்னாலேயே எழுந்து அந்தக் குரலுக்குக் காத்திருக்கிறேன். கேட்டதும் சொல்கிறேன்: “இருக்கறேன் போ!”