சந்தனப் பொட்டு வைத்த துப்பாக்கி

துப்பாக்கிக் குழலின் வாயோரம் ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். பக்கத்தில் மருமகளின் பழைய வயலின், கடைச் சாவிக்கொத்து, பார்கோட் படிக்கும் இயந்திரம், ஒரு தட்டில் அவலும் கடலையும். சரஸ்வதி பூசையன்று காலை அத்தான் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிய படம் அது. லண்டன் ஹரோவில் என் குசினியில் தேத்தண்ணீரோடு நின்று பார்த்தேன். அதற்குள் பாதிக் குடும்பம் கைகூப்பிவிட்டது. நான் வயலினைப் பார்த்தேன். பெரியவர்கள் வாசிக்கும் வயலின் ஏறத்தாழ இருபத்துநாலு அங்குலம். இந்த நாட்டில் ஷாட்கன்னின் குழல் இருபத்துநாலு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. படத்தில் இருந்த குழல் வயலினைவிட ஒரு சாண் கட்டையாக இருந்தது.

துப்பாக்கி லைசென்ஸ் கேட்பவர்களை வீடு தேடிப் போய் விசாரிப்பதுதான் நான் ஓய்வு பெறும்வரை பார்த்த வேலை. பொலிஸ்காரன் அல்ல, பொலிசுக்குக் கோப்பு எழுதுகிறவன். இரும்பு அலுமாரியைச் சுவரோடு இறுக்கிப் பூட்டியிருக்கிறார்களா, சாவி எங்கே கிடக்கிறது, வீட்டில் குடி உண்டா, சண்டை உண்டா என்று பார்ப்பேன். கடைசியாக, துப்பாக்கி எதற்கு என்று கேட்பேன். வயலில் புறா அடிக்க என்று சொல்லலாம், களிமண் தட்டை மேலே எறிந்து சுட்டுப் பழக என்று சொல்லலாம். என்னைக் காப்பாற்றிக்கொள்ள என்று சொன்னால் கோப்பை மூடிவிட்டு எழும்பலாம். இங்கே தற்காப்பு ஒரு காரணமே இல்லை. இதை எத்தனையோ பேருக்கு விளக்கிய எனக்கு, சொந்த அக்காவின் புருஷனுக்கு விளக்கக் கொடுத்து வைக்கவில்லை.

அத்தான் ஜெர்மனியில் ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவி, பிறகு இங்கே வந்து கிழக்கு லண்டன் செவன் கிங்சில் பலசரக்குக் கடை போட்டவர். ஒரு வாடிக்கையாளர் ஒருநாள் எசெக்சில் தட்டுச் சுடும் இடத்துக்குக் கூட்டிப்போனார். அத்தானுக்கு அது பிடித்துவிட்டது. முறையாக விண்ணப்பித்தார். உறவென்பதால் நான் விலகிக்கொள்ள, வேறு அலுவலர் போய் விசாரித்து லைசென்ஸ் கொடுத்தார். அதில் ஒரு பிழையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தொப்பியோடு வெளிக்கிடுவார். அவர் வாழ்க்கையில் வேலையென்று இல்லாமல் செய்த ஒரே காரியம் அதுதான்.

பிறகு கடைக்குள் இரண்டு பேர் கத்தியோடு வந்தார்கள். அத்தானின் உள்ளங்கையைக் கிழித்துவிட்டு சிகரெட் பெட்டிகளை அள்ளிப் போனார்கள். பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனது. அதன் பிறகு பொலிஸ் அந்தப் பக்கம் வந்ததை நான் அறியேன், ஒரு தடவையைத் தவிர.

அந்த வெற்றிடத்துக்குள் நுழைந்தவர்தான் மாஸ்டர். அத்தானைவிட இருபது வயது இளையவர். இரவு விடுதி வாசல்களில் காவலுக்கு நின்றவர். ஏதோ ஒரு நாட்டுப் படையில் இருந்ததாகச் சொல்வார், எந்த நாடு என்பது கேட்கிற ஆளைப் பொறுத்து மாறும். கடைக்காரர்களுக்கென்று தற்காப்புத் துப்பாக்கிப் பயிற்சி ஒன்றை லண்டனுக்கு வெளியே ஒரு பண்ணைக் கொட்டிலில் நடத்தினார். அட்டைச் சுவர்கள், பொம்மைத் துப்பாக்கிகள், சத்தமான ஆங்கிலம். கதவைத் தாண்டும்போது நீளக் குழல் வாசல் நிலையில் முட்டுமாம், கட்டையாக இருந்தால் சட்டென்று திரும்புமாம். இப்படித் திரும்பிச் சுட்டால் எத்தனை வருடம் உள்ளே இருக்க வேண்டும் என்பது மட்டும் பாடத்தில் இல்லை. கடைசி நாள் அத்தான் ஒரு தட்டில் வெற்றிலை பாக்கும் பழமும் வைத்து, அந்த ஆளுக்குப் பொன்னாடை போர்த்திக் காலைத் தொட்டுக் கும்பிட்டாராம். அக்கா இதைப் பெருமையாகச் சொன்னபோது நான் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

அந்தப் படத்தைப் பார்த்ததும் ரயில் பிடித்து அத்தான் வீட்டுக்குப் போனேன். முன்அறையில் விளக்கு எரிந்தது. துப்பாக்கி படத்தில் கண்டதைவிடவும் அசிங்கமாக இருந்தது.

"அத்தான், இதை ஆர் வெட்டினது?"

"வெட்டினதெண்டு சொல்லாதை. திருத்தினது. மாஸ்டர் தன்ரை கராஜில வைச்சுச் செய்து தந்தவர்."

"இது ஜெயிலுக்குப் போற வேலை. இப்பவே லோயருக்குப் போன் அடிப்பம். அவர் சொல்லி, பொலிஸ் வந்து எடுக்கட்டும். நாங்களாச் சொன்னா ஒரு கதை, அவங்களா வந்தா வேறை கதை."

"நாளைக்குச் சொல்லுவம்."

"ஏன் நாளைக்கு?"

"பூசையில வைச்சதை இண்டைக்கு அசைக்கேலாது. விஜயதசமிக்குத்தான் எடுக்கலாம். உனக்குத் தெரியாததே?"

அக்கா கடலைச் சட்டியோடு எட்டிப் பார்த்தாள். "அவன் வெள்ளைக்காரனுக்குக் கோப்புக் கட்டி எல்லாத்தையும் மறந்திட்டான்."

"பென்சன் எடுத்தாப் பிறகும் இன்ஸ்பெக்சனுக்கு வாறான்" என்றார் அத்தான். "இரு தம்பி, அவல் சாப்பிடு."

வாசலுக்கு வந்து லோயருக்கு அடித்தேன். செய்தி விடச் சொல்லி ஒரு குரல் சொன்னது. விட்டேன். மறுபடியும் உள்ளே போய்க் கத்தினேன். பூசைக்கு வந்தவர்கள் என்னைத்தான் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். இதற்கிடையில் எங்கள் குழுவிலிருந்து அந்தப் படம் வேறு குழுக்களுக்குத் தாவி, பயந்த யாரோ ஒருவரின் கைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பின்னேரம் ஆயுதப் பொலிஸ் வந்தது. நெற்றியில் திருநீறோடு அத்தானை வாசலில் குப்புறப் படுக்க வைத்தார்கள். வந்த பொலிஸ்காரர்களை நான் குறை சொல்லமாட்டேன்; நடைமுறை அதுதான். கத்தியோடு இரண்டு பேர் வந்தபோதும் அந்த நடைமுறை இருந்திருக்கலாம் என்று மட்டும் சொல்வேன்.

விசாரணையில் அத்தான், தானே வெட்டியதாகச் சொன்னார். வாழைப்பழத்தைக்கூட நேராக வெட்டத் தெரியாத மனுசன். செய்தவனின் பெயரைச் சொன்னால் தண்டனை குறைய வழி உண்டு என்று லோயர் மன்றாடினார். நான் என் காதால் கேட்டதை வாக்குமூலமாகக் கொடுத்தேன். அத்தான் மறுத்தார். பொலிஸ் போய்ப் பார்த்தபோது கராஜ் துடைத்து விட்டது போல இருந்ததாம். மாஸ்டர், தான் பொம்மைத் துப்பாக்கி தவிர வேறொன்றையும் தொட்டதில்லை என்றார். அத்தான் உள்ளே போனார். மாஸ்டர் வீட்டுக்குப் போனார்.

சிறையில் பார்க்கப் போனபோது மேசையில் குனிந்து கேட்டேன். "அத்தான், அந்த ஆள் உங்களை ஒருக்கால் வந்து பாத்தவனோ?"

"அவருக்கு ஆயிரம் சோலி."

"இப்பவும் சொல்லலாம். அப்பீல் எண்டு ஒண்டு இருக்கு."

"படிப்பிச்ச ஆளைக் காட்டிக் குடுக்கேலாது தம்பி."

ஊரில் தனக்கு ஒழுங்காகப் படிப்பித்த வாத்தியாரின் பெயர்கூட இந்த மனுசனுக்கு நினைவில்லை. வார இறுதிகளில் அட்டைச் சுவருக்குப் பின்னால் ஒளிந்து விளையாடக் கற்றுக்கொடுத்தவனுக்காகத் தன் முதுமையைக் கொடுக்கிறார். இதைப் பக்தி என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களோடு நான் இப்போது பேசுவதில்லை.

இந்த வருடம் விஜயதசமிக்கு, இங்கே ஹரோவில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி நடக்கும் மண்டபத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு அரிசியில் முதல் எழுத்து எழுதுவித்து ஏடு தொடக்கினார்கள். அக்கா மூன்று வயதுப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மேடையில் பட்டு வேட்டியோடு, தட்டுத் தட்டாய்ப் பச்சையரிசிக்கு முன்னால் சம்மணமிட்டு இருந்தவர் மாஸ்டர். பிரதம விருந்தினர். அவருடைய கோர்சுக்கு இப்போது பெண்கள் பிரிவும் உண்டாம். நான் நிர்வாகியைப் பிடித்து, இந்த ஆள் யாரென்று தெரியுமா என்று கேட்டேன். "அண்ணை, நல்ல நாள் அதுவுமா..." என்று என் தோளைத் தட்டினார். நேரே மேடைக்குப் போனேன்.

"என்ரை அத்தான் உங்கடை பேரைச் சொல்லேல்லை. அதாலதான் நீங்கள் இதில இருக்கிறியள்."

மாஸ்டர் கோபப்படவில்லை. "அவர் நல்ல மாணவன், ஐயா" என்றார் புன்னகையோடு.

கீழே வந்து அக்காவை வரிசையிலிருந்து இழுத்தேன். அவள் அசையவில்லை. "உன்ரை அத்தான்தான் ஜெயிலில இருந்து போனில சொன்னவர், பிள்ளைக்கு மாஸ்டரைக் கொண்டுதான் தொடக்கோணுமெண்டு" என்றாள். வரிசை நகர்ந்தது. அவர்கள் முறை வந்தது. மாஸ்டர் கையை நீட்டினார். அக்கா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு ஒரு அரிசித் தட்டைத் தன் பக்கம் இழுத்து, மேடையின் ஓரத்திலேயே குந்தி, பிள்ளையை மடியில் வைத்து, விரலைப் பிடித்துத் தானே எழுதுவித்தாள்.

"அத்தான் கேட்டா என்ன சொல்லுவாய்?" என்றேன், வெளியே வரும்போது.

"அவர் உள்ளுக்குள்ளை இருந்து என்னவும் சொல்லலாம். வெளியில இருக்கிறது நானெல்லோ" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். வரிசையில் அடுத்து நின்ற தாய் தன் பிள்ளையை மாஸ்டரின் மடியில் இருத்திவிட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.