மூச்சை அளப்பவர்

திரை எழ அரைமணி இருக்கும்போது, எங்கள் ஓபரா வாத்தியக்குழுவை நடத்தும் கர்தையாக் பாடகர்களின் அறைகளை ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு போவார். எந்தப் பாடகராக இருந்தாலும் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, "ஒரு வரி பாடு" என்பார். வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் கண்ணை மூடிக் கேட்பார். அந்த ஆளிடம் அன்றைக்கு எவ்வளவு மூச்சு இருக்கிறதோ, அதுதான் எங்கள் வாத்தியங்களுக்கும் அன்றைய வேகம். ஆறு வார ஒத்திகையெல்லாம் அப்புறம்.

வயது எழுபத்தொன்று. பிரான்சின் துலூஸ் நகரத்து இதே அரங்கில், பாடகர்களுக்குப் பியானோ வாசித்துப் பாட்டைப் பாடம் பண்ணவைக்கும் வேலையில் சேர்ந்தவர். நடத்துபவருக்குக் காய்ச்சல் கண்ட ஒரு மாலை, இரவல் கோட்டோடு, மேடைக்கு முன்னால் நாங்கள் உட்கார்ந்து வாசிக்கும் வாத்தியக்குழியில் இறங்கினார். பிறகு பாரீஸ், வியன்னா, மிலான். திரும்பி வந்து பத்தொன்பது வருடமாகிறது. வயோலாக்காரர்களைச் சீண்டாமல் அவருக்கு மதியச் சாப்பாடு இறங்காது. "சத்தமா வாசிச்சா தப்பு தெரிஞ்சிடும்னுதானே நீ முணுமுணுக்கிறே?" என்று வயோலா வாசிக்கும் என்னிடமே கேட்பார்.

போன வாரம் சோலேன் பாடினாள். தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடந்து ஒன்றரை வருடம் கழித்து ஏறும் முதல் மேடை. குரல் உடைந்தால் இனி எந்த அரங்கும் அவளைக் கூப்பிடாது. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அவள் அறையிலிருந்து வந்தவர், "மூணாவது அங்கத்துப் பாட்டு வேகமாப் போகும். பின்னாடியே வாங்க" என்றார் எங்களிடம்.

அந்தப் பாட்டை நிதானமாகக் கேட்டே பழகிய ஊர் இது. "மேல் கேலரி ரசிகருங்க உங்களைக் கிழிச்சிடுவாங்க, மேஸ்த்ரோ" என்றேன்.

"கிழிக்கட்டும். எனக்குத் தைச்சுக்கத் தெரியும். அவளுக்குத் தொண்டை ஒண்ணுதான்."

அவள் வாய் திறக்குமுன் அவர் மூச்சிழுப்பது எனக்குக் கேட்டது. அவர் கையிலிருந்த கோல் முன்னால் ஓடியது, நாங்கள் பின்னால் ஓடினோம். அவள் மூச்சு தீருமிடத்தில் வரியும் தீர்ந்தது. உச்சஸ்தாயி உடையவில்லை. எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. இத்தனை வருடம் பக்கத்தில் இருந்தும், மனிதர் இதை எப்படிச் செய்கிறார் என்று எனக்குப் பிடிபடவில்லை.

முடிவில் சோலேனுக்கு அரங்கமே எழுந்து கைதட்டியது. அவர் மேடையேறியதும் மேல் கேலரியிலிருந்து ஊளை. வழக்கம்போல் எங்களை எழுந்து நிற்கச் சொல்லிக் கைகாட்டினார். நாங்கள் எழவில்லை. உட்கார்ந்தபடியே இசைத்தாள் பலகைகளை வில்லால் தட்டினோம். இந்த மரியாதை உங்கள் ஒருவருக்குத்தான் என்று நாங்கள் சொல்லும் முறை அது.

அவருக்கு ஊளையும் கேட்டதாகத் தெரியவில்லை, எங்கள் தட்டலும் கேட்டதாகத் தெரியவில்லை. சோலேனின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூட்டத்துக்கு அது கைகோத்து வணங்குவதாகப் பட்டிருக்கும். குழியிலிருந்த எனக்கு, அவருடைய இரண்டு விரல் அவள் மணிக்கட்டில் இருப்பதும், உதடு மெல்ல எண்ணிக்கொண்டிருப்பதும் தெரிந்தன.